கட்டர் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு மரம் அறுக்காதீர்கள்

கோபி பக்கம் மரப்பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு காட்சியைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நாலு இஞ்ச் கட்டர் மிஷினில் பிளேடை மூடியிருக்கும் கார்டைக் கழற்றி, பல் பிளேடு மாட்டி, பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி வைத்திருப்பார்கள். மேலே பிளேடு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் மரத்தை வெறும் கையால் தள்ளி பீடிங் (ஓரத்தில் ஒட்டுகிற மெல்லிய மரச்சட்டம்) கிழிப்பார்கள். டேபிள் ரம்பம் வாங்க வசதியில்லாத காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

அது கல் அறுக்கச் செய்த மிஷின். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 12,000 சுற்று. 110 மில்லிமீட்டர் பிளேடு என்றால் அதன் பல் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தப்பு நடந்த பிறகு கையை இழுக்க நேரமே கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் கவுந்தப்பாடி அருகே ஒரு புது வீடு. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், நாங்கள் புதன்கிழமை சாயந்திரம் வரை பீடிங் ஒட்டிக்கொண்டிருந்தோம். என் மனைவியின் தம்பி மிஷினில் நின்றான். "இது ஒண்ணுதானுங் மாமா, வெசையா முடிச்சுட்டு டீ குடிக்கப் போலாம்" என்றான். தேக்குச் சட்டத்தின் கடைசியில் ஒரு கணு. பிளேடு அங்கே திணறவும் அழுத்தித் தள்ளினான். கணு தாண்டியதும் மரம் சட்டென்று விட்டுக்கொடுத்தது, அழுத்தின கை அப்படியே முன்னால் போய்விட்டது. அவன் கத்தக்கூட இல்லை. மிஷின் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் திரும்பினேன். இடது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிருந்தது.

பதற்றத்தில் பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, விரலை அதற்குள்ளேயே போட்டு எடுத்துப் போனோம். ஐஸ் நேராகப் பட்டதில் சதை கெட்டுவிட்டது, ஒட்டவைக்க முடியாது என்றார் டாக்டர். துண்டான விரலை நல்ல தண்ணீரில் லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கவரைத்தான் ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு ஒரு தள்ளுகட்டை இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. மீந்த பிளைவுட்டில் ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, முனையில் வாய் போல ஒரு வெட்டு எடுத்தால் போதும். பீடிங்கின் கடைசி அரை அடியைக் கை தள்ளக்கூடாது, கட்டைதான் தள்ள வேண்டும்.

பெரிய வாளால் இரண்டு பேர் மரம் அறுத்த காலத்தில், அறுத்த வாயில் ஆப்பு வைத்துக்கொண்டே போவார்கள். மரம் மூடி வாளைக் கவ்விவிடக்கூடாது என்பதற்காக. டேபிள் ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு அதே வேலையைத்தான் செய்கிறது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றுகிறார்கள். அப்புறம் பிளேடை மரம் கவ்வுகிறது, துண்டு எதிரே நிற்பவன் வயிற்றுக்கு வருகிறது. தகடு இருந்தாலும் பிளேடுக்கு நேராக நிற்காதீர்கள், ஒரு பக்கமாக நில்லுங்கள்.

கரண்ட் போனதும் பேச உட்கார்ந்துவிடுகிறோம், ஸ்விட்ச் ஆனிலேயே இருக்கும். கரண்ட் திரும்பினால் மிஷின் தானாக ஓடும். கரண்ட் போன நிமிடமே பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடு மாற்றும்போதும் அப்படியே.

துணிக் கையுறை பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ரம்பத்தில் அதன் நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கழுத்துத் துண்டு, மணிக்கட்டுக் கயிறு எல்லாம் அதே கதை. கண்ணாடியும் மாஸ்க்கும் அவசியம் போடுங்கள். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லியிருக்கிறது. பழைய வீட்டு மரமென்றால் ஆணி பார்க்காமல் பிளேடில் வைக்கவே வேண்டாம்.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முகூர்த்தம் குறிக்கும் முன்னால் ஆசாரியிடம் எத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு மேல் நாலு நாள் விட்டுத் தேதி பாருங்கள். வேலை நடக்கும்போது வந்து பார்த்தால், கதவு டிசைனோடு மிஷினில் கார்டு இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.