மவுன்ட்: ஏற்றுவதா, பொருத்துவதா?

என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பேத்தியின் காதணி விழாப் படங்கள் இருந்த பென் டிரைவைப் போன மாதம் தம் லினக்ஸ் கணினியில் செருகினார். திரையில் ‘ஏற்று’ என்று வந்தது, அழுத்தினார். படங்கள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் கணினியில் ஏறிவிட்டன என்று நம்பி, பென் டிரைவைச் செல்போன் கடைக்குக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் பழையதை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். கணினியில் தேடிப் பார்த்தால் ஒரு படமும் இல்லை.

பெரியப்பா மேல் எந்தத் தவறும் இல்லை. ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று கடை வாசலில் எழுதி வைத்திருக்கும் ஊரில், பென் டிரைவைத் திறந்து காட்டும் ‘மவுன்ட்’ (mount) என்ற ஆங்கிலக் கட்டளைக்கும் ‘ஏற்று’ என்றே எழுதியவர்கள் மேல்தான் தவறு.

மவுன்ட் என்பதன் வேர், மலையைக் குறிக்கும் லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மலை ஏறுவது, குதிரை ஏறுவது, மோதிரத்தில் கல் பதிப்பது எல்லாம் அதில் அடக்கம். கணினிக்கு வந்த புதிதில் அது கைவேலையைக் குறித்தது. நாடாச் சுருளையோ வட்டு அடுக்கையோ தூக்கி வந்து கருவியின் அச்சில் மாட்டுவார்கள். ஐபிஎம் 1962-இல் அறிவித்த 1311 கருவியின் வட்டு அடுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ. 20 லட்சம் எழுத்துகள் கொள்ளும். அதைத் தூக்கி வைத்தவரிடம் ‘ஏற்று’ என்று சொல்லியிருந்தால் முழுக்கச் சரி.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது. ஆனால் அதன் வேலை வேறு. யூனிக்ஸில் கோப்புகள் அனைத்தும் ஒரே மரம், வேர் ஒன்றுதான். புதிதாக வரும் வட்டுக்குள்ளும் ஒரு மரம் இருக்கிறது. அதன் வேரை நம் மரத்தின் ஒரு கிளையில் சேர்ப்பதுதான் மவுன்ட். ஒரு கோப்புகூட இடம் மாறுவதில்லை. படங்கள் பென் டிரைவிலேயே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழி மட்டும் திறக்கிறது.

தமிழில் சரக்கை ஏற்றினாலும் கொடியை ஏற்றினாலும் பொருள் இடம் மாறுகிறது. போதாக்குறைக்கு ‘பதிவேற்று’, ‘பதிவிறக்கு’ இரண்டும் நிலைத்துவிட்டன. இவற்றின் பக்கத்தில் மவுன்டுக்கு ‘ஏற்று’ என்றும் அதை நீக்குவதற்கு ‘இறக்கு’ என்றும் எழுதினால், படிப்பவர் கோப்பு பயணம் போகிறது என்றுதானே நினைப்பார்? அகராதியில் மவுன்டுக்கு எதிரே ‘ஏறு’ என்று கண்டதும் பிறவினையாக்கி எழுதிவிட்டார்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

மாற்றுச் சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது ‘ஒட்டு’. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது போல மரத்தோடு மரம் சேரும் படம் அப்படியே இருக்கிறது. ஆனால் வெட்டு, ஒட்டு என்று தொகுப்புக் கட்டளைகளுக்கு அது போய்விட்டது. ஏர் பூட்டுவதில் உள்ள ‘பூட்டு’ அழகான சொல். கடவுச்சொல் போட்ட வட்டைப் பூட்டுவதோடு மோதும். ‘பதி’ என்றால் பதிவு நினைவுக்கு வரும். ‘இணை’ மின்னஞ்சல் இணைப்பு முதல் இணையம் வரை எல்லாவற்றையும் சுமந்து களைத்துவிட்டது.

எஞ்சுவது ‘பொருத்து’. மின்விசிறி பொருத்துகிறோம், குழாய் பொருத்துகிறோம். பொருத்திய பொருள் தன் உருவோடு இருக்கிறது, பயனும் தருகிறது. அதன் எதிர்ச்சொல்லாக ‘கழற்று’ வேண்டாம். கையால் பிடுங்கச் சொன்னது போல் ஆகிவிடும். ‘விடுவி’ என்பேன். நகலெடுத்து முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் கடைசிப் பகுதி கணினியின் நினைவகத்தில் காத்திருக்கலாம். அதையும் எழுதி முடித்துவிட்டுப் பிடியை விடுவதுதான் அந்தக் கட்டளையின் வேலை. ஆக, கையால் செய்யும் வேலைக்குச் செருகு, உருவு. கணினி செய்யும் வேலைக்குப் பொருத்து, விடுவி.

இந்தப் பிரிவினையை அலட்சியம் செய்ததால் இன்னொரு குழப்பமும் வந்திருக்கிறது. செருகியதும் வட்டைத் தானே பொருத்துவது ஒன்று. அதிலுள்ள நிரலைத் தானே இயக்குவது வேறொன்று. முன்னது வசதி. பின்னது ஆபத்து. 2008-இன் இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு என்ற தீநிரல் பென் டிரைவ் வழியாகவும் தொற்றியது விண்டோஸின் இந்தத் தானே இயக்கும் வசதியால்தான். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா பதிப்புகள் உள்ள கணினிகளில் பென் டிரைவுகளுக்கு அதை முடக்கும் புதுப்பிப்பை அனுப்பியது. இவ்வளவு நடந்த பிறகும் இரண்டுக்கும் ‘தானியங்கு’ என்று ஒரே சொல்லை எழுதுகிறார்கள். அமைப்புப் பக்கத்தில் அதைப் படிப்பவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘தானே பொருத்து’, ‘தானே இயக்கு’ என்று எழுத என்ன தடை?

பெரியப்பாவின் கணினியில் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து நானே மாற்றிவிட்டேன். இப்போது அவர் ‘விடுவி’யை அழுத்தினால், திரையில் இப்படி வரும்: ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் சொல்கிறேன், அதுவரை உருவ வேண்டாம்.’