கேன்வாஸில் வரைந்த படம் காதுக்கு எட்டுவது எப்படி?

மழை வலுத்துவிட்டால் குமரி மாவட்டத்தில் எல்லார் வாயிலும் வரும் கேள்வி: "பேச்சிப்பாறை எத்தனை அடி?" அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. உபரிநீர் திறந்தால் கோதையாறு பெருகும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வரும், குழித்துறை வரை ஆற்றங்கரைக்காரர்கள் உஷாராக வேண்டும். இந்த நீர்மட்டத்தை 30 நாள் கோட்டுப்படமாகக் காட்டும் ஓர் இணையப் பக்கத்தை, நிரலால் படம் வரைய உதவும் எச்டிஎம்எல் உறுப்பான கேன்வாஸில் வரைந்ததாக வைத்துக்கொள்வோம். பார்வையற்ற ஒருவர், பக்கத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்களான என்விடிஏ-யிலோ (விண்டோஸ்) டாக்பேக்கிலோ (ஆண்ட்ராய்டு) அதைத் திறந்தால் பெரும்பாலும் எதுவும் கேட்காது. மிஞ்சிப்போனால் "கிராஃபிக்" என்று ஒரு சொல் வரும்.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. எச்டிஎம்எல்லிலிருந்து பிரவுசர் கட்டும் அணுகல்தன்மை மரத்தைத்தான் அது கேட்டு வாசிக்கிறது. ஒரு பட்டனுக்கு அந்த மரத்தில் பெயர், வகை, நிலை எல்லாம் உண்டு. கேன்வாஸிலோ கோடு போடச் சொன்னால் பிரவுசர் பிக்சல்களின் நிறத்தை மாற்றிவிட்டு அந்தக் கோட்டையே மறந்துவிடும். "42.1 அடி" என்று எழுதச் சொன்னாலும் அது எழுத்தாக நிற்காது, வெறும் நிறப்புள்ளிதான். படம் வரைய உள்ள இன்னொரு வழியான எஸ்விஜி ஒவ்வொரு வடிவத்தையும் தனி உறுப்பாக வைத்திருக்கும். ஆகவே முப்பது புள்ளிகளுக்குக் கேன்வாஸ் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. ஆயிரக்கணக்கான புள்ளிகள், அசையும் படம், விளையாட்டு என்று வரும்போதுதான் அதன் வேகம் பயன்படும்.

கேன்வாஸ்தான் வேண்டும் என்றால், அதன் திறப்பு டேகுக்கும் மூடும் டேகுக்கும் நடுவே உள்ள இடம் கைகொடுக்கும். அங்கே வைப்பது திரையில் தெரியாது. ஆனால் அணுகல்தன்மை மரத்தில் ஏறும், பட்டன் போன்றவை டேப் விசைக்கும் எட்டும். தேதி, நீர்மட்டம் என்று இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையை அங்கே வையுங்கள். படத்தை வரையும் அதே தரவுப் பட்டியலிலிருந்தே அட்டவணையும் உருவாக வேண்டும். கையால் தனியாக எழுதினால் நாளைக்குப் படம் 43 என்னும், அட்டவணை 42 என்னும்.

பலர் சறுக்குவது இங்கேதான். நல்லெண்ணத்தோடு கேன்வாஸுக்கு, உறுப்பின் வகையைச் சொல்லும் "ரோல்" பண்பில் "இமேஜ்" வகையையும் சேர்த்துவிடுவார்கள். அந்த வகையின் விதிப்படி உள்ளே இருப்பதெல்லாம் வெறும் அலங்காரம். அதனால் பாடுபட்டுச் செய்த அட்டவணை மரத்திலிருந்து காணாமல் போகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிய படம் என்றால் இமேஜ் வகையும் திரைவாசிப்பான் வாசிக்கும் ஏரியா-லேபல் (aria-label) பண்பில் ஒரு விளக்கமும் போதும். தரவு உள்ள படம் என்றால் அந்த வகையை விட்டுவிட்டு உள்ளே அட்டவணை.

விளக்கத்தில் "நீர்மட்ட வரைபடம்" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. "அக்டோபர் 1 முதல் 30 வரை 36 அடியிலிருந்து 42.1 அடிக்கு உயர்ந்தது, 17, 18 தேதிகளில் மட்டும் 3 அடி ஏற்றம்" என்பது போல, கண்ணால் பார்ப்பவர் ஒரு நொடியில் பிடிப்பதைச் சொல்லவேண்டும். "அடி" என்ற சொல்லுக்குப் பதிலாக மேற்கோள் குறி (') போடாதீர்கள். நிறுத்தக்குறி அமைப்பைப் பொறுத்து குரல் அதை விழுங்கிவிடும். தமிழ்ப் பகுதிக்கு மொழிப் பண்பில் (lang) "டிஏ" (ta) என்று குறிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடலாம்.

மவுஸை வைத்தால் அந்தந்த நாளின் அளவு தெரியும் வசதிக்கு விசைப்பலகையிலும் வழி வேண்டும். அம்புக்குறி விசைகளை நேரடியாகக் கவனிக்கும் நிரல் என்விடிஏ-யின் வாசிப்பு நிலையில் (பக்கத்தை வரிவரியாக வாசிக்கும் நிலை) வேலை செய்யாது. அந்த விசைகளைத் திரைவாசிப்பானே எடுத்துக்கொள்கிறது. 1 முதல் 30 வரை நகரும் உண்மையான ஸ்லைடர் ஒன்றை வைத்தால், அதன்மேல் ஃபோகஸ் (விசைப்பலகையின் கவனம்) வந்ததும் என்விடிஏ விசைகளைப் பக்கத்துக்கே விடும் நிலைக்குத் தானாக மாறும். அதன் ஏரியா-வேல்யூடெக்ஸ்ட் பண்பில் "அக்டோபர் 17, 39 அடி" என்று போடுங்கள். இல்லாவிட்டால் வெறும் "17" என்றுதான் ஒலிக்கும். ஸ்லைடரைக் கேன்வாஸுக்குள் ஒளித்தால் ஃபோகஸ் வளையத்தை நீங்களே வரைய வேண்டும். போனில் விரலால் தடவித் தேடுபவருக்கும் அது அகப்படாது, ஸ்வைப் செய்தால்தான் எட்டும். படத்துக்குக் கீழே வெளிப்படையாக வைப்பதே மேல்.

தரவு தானாகப் புதுப்பித்துக்கொண்டால், மாற்றத்தைக் குறுக்கிடாமல் தானே வாசிக்க வைக்கும் "பொலைட்" வகை ஏரியா-லைவ் பகுதி ஒன்றை முதலிலேயே காலியாக வைத்து, பிறகு அதில் எழுதவேண்டும். எச்சரிக்கை அளவைத் தாண்டும்போது மட்டும் எழுதினால் போதும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எழுதினால் குரல் ஓயாது, பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

குறைந்த பார்வை உள்ளவர்களுக்காகக் கோட்டுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 மாறுபாடு வேண்டும். விண்டோஸின் உயர் மாறுபாட்டு நிலை கேன்வாஸ் நிறங்களைத் தொடாது.

சோதிக்க என்விடிஏ இலவசம். அதோடு வரும் இஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழும் பேசும். மானிட்டரை அணைத்துவிட்டு, டி விசையால் அட்டவணைக்குத் தாவி, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்தபடி அம்புக்குறியால் கட்டம் கட்டமாக நகருங்கள். தேதி ஒலிக்காமல் "42.1" மட்டும் கேட்டால், தேதிக் கட்டங்களைத் தலைப்புக் கட்டமாகக் குறிக்காமல் சாதாரணக் கட்டமாக விட்டிருக்கிறீர்கள்.