மூன்று நகல் சீட்டும் ஒரு மாத்திரையும்

நியூயார்க்கில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை எழுதித் தருமுன், டாக்டர் கணினியில் என் பெயரைத் தட்டிப் பார்க்கிறார். இதனால் ஏதாவது பலன் உண்டா, இல்லை வெறும் சடங்கா?"

பலன் உண்டு. 2013 ஆகஸ்டிலிருந்து அந்த மாநிலத்தில் இப்படிப் பார்ப்பது சட்டப்படி கட்டாயம். வேறு டாக்டர்களிடம் நீங்கள் இதே வகை மாத்திரை வாங்கியிருந்தால் திரையில் தெரிந்துவிடும். ஓபியாய்டுகள் எனப்படும் இந்த வலி மாத்திரைகள் அபினின் உறவுக்கார மருந்துகள். மூளையின் ஏற்பிகளில் ஒட்டி வலியை அமர்த்தும், நாள்பட அளவைக் கூட்டச் சொல்லும், மிஞ்சினால் மூச்சை நிறுத்தும். இதெல்லாம் தெரிந்த கதைதான்.

என்னைக் கவர்ந்தது கணினிக்கு முந்தைய காகிதம். 1939-ல் கலிபோர்னியா ஒரு விதி போட்டது: இத்தகைய மருந்தை எழுத அரசு அச்சிட்டுத் தரும் சீட்டுப் புத்தகம்தான் வேண்டும். மளிகைக் கடை பில் புத்தகம் மாதிரி ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று நகல். ஒன்று டாக்டரிடம், ஒன்று மருந்துக் கடையில், மூன்றாவது அரசு அலுவலகத்துக்கு. அங்கே யாராவது அதைப் படித்தார்களா என்பது இரண்டாம்பட்சம். புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும், எழுதும்போதெல்லாம் தன் பெயர் அரசுக் கோப்பில் ஏறுகிறது என்ற நினைப்பு வேறு. சாதாரண முதுகுவலிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று டாக்டரின் பேனா வேறு மருந்துக்குத் தாவிவிடும்.

1996-ல் பர்ட்யூ என்ற மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ், இல்லினாய், ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களில் இந்த முறை இருந்தது. விற்பனைக்கு முன்பே நிறுவனம் டாக்டர்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்டிருக்கிறது. மூன்று நகல் மாநிலங்களின் டாக்டர்கள் தயங்கினார்கள். அரசு தங்களைக் கேள்வி கேட்க நாமே ஏன் வழி செய்து கொடுக்க வேண்டும் என்ற பயம். அங்கே விளம்பரம் செய்து பயனில்லை என்று நிறுவனத்தின் ஆய்வே முடிவு கட்டியது. நிறுவனத்தின் மீதான வழக்குகளில் வெளியான ஆவணங்களில் இதெல்லாம் இருக்கிறது. அபி ஆல்பர்ட், வில்லியம் எவன்ஸ், ஈதன் லீபர், டேவிட் பவல் என்ற பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள்: முதல் சில ஆண்டுகளில் இந்த மாநிலங்களுக்குப் போன ஆக்ஸிகான்டின், தலைக்கு மற்ற இடங்களில் பாதிதான். காகிதம் ஒழிக்கப்பட்டு வெகுகாலம் கழித்தும் அங்கே போதை மரணங்கள் மெதுவாகவே கூடின. விற்பனைப் பிரதிநிதி முதலில் எந்த ஊரின் கதவைத் தட்டவில்லையோ, அந்த ஊரில் பழக்கம் அவ்வளவாக வேரூன்றவில்லை. விதி போட்டவர்கள் யாரும் இதைக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் தனி ருசி.

பிறகு கணினி வந்தது. கென்டக்கி 1999-லேயே இந்தச் சீட்டுகளுக்கு மின்பதிவு தொடங்கியது. பார்ப்பதும் பார்க்காததும் டாக்டரின் இஷ்டம். 2012-ல்தான் கட்டாயமாக்கினார்கள். அந்த வித்தியாசம் முக்கியம். பல மாநிலங்களின் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) பதிவுகளை அலசிய தாமஸ் பூக்முல்லரும் காலீன் கேரியும், பார்த்தே ஆக வேண்டும் என்ற மாநிலங்களில் மட்டும் பல டாக்டர்களிடம் ஏறி இறங்குவோர் குறைந்ததாகக் கண்டார்கள். விருப்பமிருந்தால் பாருங்கள் என்று விட்ட இடங்களில் பதிவேடு இருந்ததே தவிர மாற்றமில்லை.

ஆனால் தடுத்த இடத்தில் தேவை காணாமல் போவதில்லை. 1989-ல் நியூயார்க் பென்சோடயசெபைன் தூக்க மாத்திரைகளையும் மூன்று நகலுக்குள் கொண்டுவந்தது. அவற்றின் விற்பனை சரிந்தது. மெப்ரோபமேட் போன்ற, அதைவிட மோசமான பழைய மருந்துகள் ஏறின. 2010-ல் ஆக்ஸிகான்டினை நசுக்கிப் போதைக்கு எடுப்பது கடினமாகும்படி மாற்றியதும் ஒரு கூட்டம் ஹெராயினுக்குப் போயிற்று.

நம் நாட்டிலோ பாடு முழுக்க நோயாளி தலையில் விழுந்தது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், பல துறைகளின் உரிமங்களுக்கும் பத்தாண்டு சிறைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் வைப்பதையே விட்டன. 1997-க்குள் மருத்துவப் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அபின் சட்டப்படி விளைந்துகொண்டேதான் இருந்தது. புற்றுநோயாளி அலறிச் செத்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதை எண்ணும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க நம் அரசுகளுக்கு அக்கறை இருந்ததாகவும் தெரியவில்லை. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் மன்றாடியபின் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்களுக்குப் பதில், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதல் போதும் என்றானது.