எண்ணூர் முகத்துவாரத்தை அணுகுண்டு வைத்துத் திறக்கலாமா?

எண்ணூர் முகத்துவாரம் தூர்வாரிய பிறகும் மணலால் அடைத்துக்கொள்கிறது. "கால்வாய் வெட்ட அணுகுண்டு வைக்கலாம் என்று ஒரு காலத்தில் திட்டம் போட்டார்களாமே, இங்கே சரிப்படுமா?" என்று எர்ணாவூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

திட்டம் போட்டது உண்மை. கலப்பைக் கொழு என்று பொருள்படும் 'பிளவ்ஷேர்' திட்டத்தை அமெரிக்கா 1957 முதல் 1977 வரை நடத்தியது. சோவியத் ஒன்றியம் 1965 முதல் 1988 வரை நூற்றுக்கும் மேற்பட்ட வெடிப்புகளைத் தொழில் தேவைக்கென்று நடத்தியது. 1966இல் உஸ்பெகிஸ்தானின் உர்தா-புலாக்கில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எரிந்த எரிவாயுக் கிணற்றை, பக்கவாட்டில் துளையிட்டு இறக்கிய 30 கிலோடன் குண்டு பாறையை நெருக்கி அணைத்தது (1 கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் வீரியம்).

பள்ளம் தோண்டுவது வேறு வேலை. குண்டைத் தரையில் வைத்தால் ஆற்றலில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். புதைக்கும் ஆழத்தில்தான் சூட்சுமம். 1 கிலோடன்னுக்குச் சுமார் 50 மீட்டர். வீரியம் பத்து மடங்கானால் ஆழம் இரண்டு மடங்குதான். நெவாடா பாலைவனத்தில் 1962 ஜூலை 6 அன்று நடந்த 'சீடான்' சோதனையில் 104 கிலோடன் குண்டை 194 மீட்டர் ஆழத்தில் வைத்தார்கள்.

வெடித்த கணத்தில் சுற்றியுள்ள மண் ஆவியாகி, கீழே ஒரு குழியை ஊதிப் பெரிதாக்குகிறது. அந்த ஆவி மேலே வருவதற்குள் அதிர்ச்சி அலை தரையை எட்டிவிடும். கேரம் பலகையில் நாலு காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து, ஸ்டிரைக்கரால் நேராக அடித்துப் பாருங்கள். நடுக்காய்கள் அதிகம் அசையாது, கடைசிக் காய்தான் பாயும். அடி காய்க்குக் காய் கைமாறி வருகிறது. கடைசிக் காய்க்கு முன்னால் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு காய் இல்லை. மண் அடுக்குகளிலும் இதுவே நடக்கிறது. அமுக்கமாக ஏறி வந்த அலை, மேலே வெறும் காற்று இருப்பதால் இழுவிசையாகத் திரும்புகிறது. அமுக்கத்தைத் தாங்கும் பாறைகூட இழுப்புக்கு உடைந்துவிடும். மேலடுக்கு பிய்ந்து எழும்புகிறது. அது கழன்றதும் அதற்கு அடுத்த அடுக்கு மேற்பரப்பாகிக் கழல்கிறது. இப்படித் தளர்ந்து நிற்கும் மண்ணைத்தான் பின்னால் வரும் ஆவி மொத்தமாகத் தூக்குகிறது. சீடானில் தரை 90 மீட்டர் உயரத்துக்குக் குமிழாக எழுந்து, மூன்றாம் நொடியில் வெடித்துத் திறந்தது. 390 மீட்டர் அகலம், சுமார் 100 மீட்டர் ஆழத்தில் பள்ளம் விழுந்தது.

புதைப்பது ஆழம் குறைந்தால் ஆவி சீக்கிரமே பீறிட்டு வீணாகும். கூடினால் மண் எழும்பாமல் குழியின் கூரை உள்ளே சரியும். 1967இல் நியூ மெக்சிகோவில் எரிவாயுப் பாறையை உடைக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். எரிவாயு வந்தது, அதோடு டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனும் கலந்து வந்தது. அதை எந்த வீட்டு அடுப்புக்கு அனுப்புவது?

இனி எண்ணூர். சீடான் பள்ளம் விழுந்தது உலர்ந்த மண்ணில். இங்கே இருப்பது தண்ணீர் ஊறிய மணல். குலுக்கினால் குழம்புபோல் இளகி, பள்ளத்தின் சரிவுகள் உள்ளே வழிந்துவிடும். அகலமான, ஆழமற்ற குட்டைதான் மிஞ்சும். கதிரியக்கம் அதைவிடப் பெரிய கேடு. நெவாடா சோதனைகளால் அமெரிக்க மக்கள் மேல் படிந்த கதிரியக்கத் தூசியில் ஏறக்குறைய 7 சதவீதம் சீடான் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே சுற்றிலும் பாலைவனம். இங்கே துறைமுகம், அனல்மின் நிலையங்கள், மணலி ஆலைகள், குப்பங்கள்.

அத்தனையும் மீறித் தோண்டினாலும் பள்ளம் நிலைக்காது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் கரையோர மணலை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே. வடக்கே போகும் பங்கு அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. முகத்துவாரத்தில் எந்தப் பள்ளமும் இந்த மணலுக்குப் பொறிதான்.

ஆராய்ச்சிப் பணம் இந்த ஓட்டத்தை அளப்பதற்கே போக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் மீனவர்களையும் உடன்வைத்து, எந்த மாதம் எவ்வளவு மணல் நகர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிய வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால் எப்போது தூர்வாருவது என்று தெரியும். எடுத்த மணலில் மாசு இல்லையென்றால், அரிக்கப்படும் வடகரையில் எந்த இடத்தில் கொட்டுவது என்றும் தெரியும்.