பெருக்குவது எளிது, எண் வந்து சேர்வதுதான் பாடு

உயர் செயல்திறன் கணிமை (மிகப் பெரிய கணக்குகளைக் கணினியில் வேகமாக முடிக்கும் துறை) பாடம் நடத்தும் பேராசிரியர்கள் தொடக்கத்திலேயே கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு பெரிய அணிகளை, அதாவது நிரைகளும் (கிடை வரிசை) நிரல்களுமாக (செங்குத்து வரிசை) அடுக்கிய எண் கட்டங்களை, பெருக்கும் புரோகிராமை சி மொழியில் எழுத வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைகள்), அவ்வளவுதான். பள்ளியில் படித்த முறையிலேயே எழுதி ஓட்டி, நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு உள்ளே இருக்கும் இரண்டு லூப்களை மட்டும் இடம் மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். பெருக்கல்களின் எண்ணிக்கை மாறவில்லை, விடையும் மாறவில்லை. ஆனால் அணி பெரிதாக இருந்தால் வேகம் பல மடங்கு கூடிவிடும்.

காரணம் மெமரியில் இருக்கிறது. இன்றைய புராசஸர் ஒரு நானோ வினாடிக்குள் பல பெருக்கல்களை முடித்துவிடும். பெருக்க வேண்டிய எண் மெயின் மெமரியிலிருந்து வர வேண்டுமென்றால் அதற்குச் சுமார் 100 நானோ வினாடி ஆகிறது. இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் புராசஸருக்குள்ளேயே கேஷ் என்ற சிறிய, வேகமான மெமரி. கேஷுக்கு எண்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை. பெரும்பாலான கணினிகளில் 64 பைட், அதாவது எட்டு பைட் எண்களாக இருந்தால் எட்டு, ஒரே கட்டாக வரும். சி மொழி அணியை நிரை நிரையாக அடுக்கி வைக்கிறது. பள்ளி முறையில் இரண்டாவது அணியை நிரல் வழியாக மேலிருந்து கீழே படிக்கிறோம். வந்த எட்டில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த நிரைக்குத் தாவுகிறோம். மீதி ஏழும் தேவைப்படுவதற்குள் கேஷிலிருந்து வெளியேறிவிடுகின்றன. லூப்களை மாற்றியதும் எட்டும் பயன்படுகின்றன. (ஃபோர்ட்ரான் மொழியில் எல்லாம் தலைகீழ்: அது நிரல் நிரலாக அடுக்கும்.)

2005 வாக்கில் சூடு காரணமாகப் புராசஸர்களின் கடிகார வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. அதன் பிறகு வேகம் வேண்டுமென்றால் கோர்களையும் (ஒரே புராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகுகள்) கணினிகளையும் கூட்டுவதே வழி. அங்கேயும் இதே சிக்கல்தான், இன்னும் பெரிய அளவில்.

வளிமண்டலத்தின் ஒரு பகுதியை 100 × 100 × 100 புள்ளிகளாகப் பிரித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் அடுத்த நிலையும் பக்கத்துப் புள்ளிகளைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ஒரே கணினியிடம் கொடுத்தால், விளிம்பில் இருப்பவை ஏறத்தாழ 6 சதவீதம்தான். 1,000 கணினிகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 10 × 10 × 10, அதாவது 1,000 புள்ளிகள். அதில் 488 விளிம்பில் நிற்கும்! கிட்டத்தட்ட பாதிப் புள்ளிகளின் மதிப்பை ஒவ்வொரு சுற்றிலும் அண்டைக் கணினிகளோடு பரிமாறிக்கொள்ள வேண்டும். வலையமைப்பு வழியாக ஒரு செய்தி போய்ச் சேர மைக்ரோ வினாடிக் கணக்கில், அதாவது ஆயிரக்கணக்கான நானோ வினாடி, ஆகும். அதனால் கைதேர்ந்தவர்கள் விளிம்பு மதிப்புகளை முதலில் அனுப்பிவிட்டு, அவை பயணத்தில் இருக்கும்போதே உட்புறக் கணக்கை முடிக்கிறார்கள். கணினிகள் செய்தி பரிமாறும் முறையை வகுத்து 1994-இல் வெளியான எம்.பி.ஐ. தரநிலையில் இதற்கான வசதி அப்போதே இருந்தது.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன வரம்பு வேறு இருக்கிறது: வேலையில் 5 சதவீதத்தைப் பங்கிட முடியாது என்றால், எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

ஜப்பானின் ஃபுகாக்கு மீகணினி 2020-இல் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடர்த்தியான அணிகளை வைத்து அளக்கும் லின்பேக் சோதனையில் அது எட்டியது 442 பெட்டாஃபிளாப்ஸ் (ஒரு பெட்டாஃபிளாப்ஸ் என்றால் வினாடிக்கு 1-க்குப் பின் 15 பூஜ்யங்கள் அளவு கணக்குகள்). பெரும்பாலும் பூஜ்யங்களால் ஆன அணிகளை வைத்து அளக்கும் எச்.பி.சி.ஜி. சோதனையில் அதே இயந்திரம் எட்டியது 16 மட்டுமே. அங்கே எண்களைக் கொண்டுவருவதிலேயே நேரம் போய்விடுகிறது. அந்தச் சோதனையிலும் அப்போது உலகில் அதுதான் முதலிடம். பல அறிவியல் கணக்குகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதால், தலைப்புச் செய்தியில் வரும் முதல் எண்ணை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

எண்கள் வந்து சேரும் வரிசை விடையையே மாற்றிவிடுவதும் உண்டு. 1-க்குப் பின் 16 பூஜ்யங்கள் கொண்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். எட்டு பைட் மிதவைப் புள்ளி எண்கள் சுமார் 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த 1 தொலைந்து, விடை 0. முதலில் கழித்துவிட்டுப் பிறகு கூட்டினால் 1. ஆயிரக்கணக்கான கணினிகள் தத்தம் கூட்டுத்தொகையை முந்திப் பிந்தி அனுப்பும்போது, இறுதி விடையின் கடைசி இலக்கங்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடும். காலநிலை மாதிரி எழுதுபவர்கள் பலருக்கு இது ஒத்துவராது. புதிதாக நுழைந்த பிழையையும் இந்தச் சிறு ஆட்டத்தையும் பிரித்தறிய முடியாமல் போய்விடும். அதனால் கூட்டும் வரிசையை நிலையாக வைத்துவிட்டு, கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.