தோட்டா உள்ளே போனால் போதாது

போன வாரம் ஒரு தம்பி, தாத்தாவின் டபுள் பேரல் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவந்தார். லைசென்ஸ் இப்போது அவர் பெயருக்கு மாறிவிட்டது. ரேஞ்சில் சுட்டுப் பார்த்திருக்கிறார். "ரொம்ப உதைக்குதுண்ணே, என்னன்னு பாருங்க" என்றார். சுட்ட தோட்டாக் கூடுகள் நான்கை நல்லவேளையாகப் பையில் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். நான்கின் வாயும் நார்நாராகப் பிய்ந்திருந்தது.

குழலைக் கழற்றி, அது பொருந்தி மூடும் இரும்பு அடிப்பெட்டியின் உள்மூலையில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் முடி கனத்துக்கு ஒரு ஈரக்கோடு எழுந்தது. விரிசல். தம்பி பேசவே இல்லை. இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது துப்பாக்கி இது, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "தோட்டா சரியா உள்ளே போச்சே!" போகும். போகத்தான் செய்யும். அதுதான் ஆபத்தே.

பொறுமையாகக் கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் பன்னிரண்டு போர் (bore, அதாவது குழல் துளையின் அளவு) துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இன்றைக்குக் கடையில் கிடைப்பது பொதுவாக 70. இந்த 70 என்பது சுட்ட பிறகு, வாய் முழுதாக விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், 60-ஐ ஒட்டித்தான் வரும். வாயை மடித்து மூடியிருப்பதால் அந்தக் குறைவு. எனவே 65 அறைக்குள் அது வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், துப்பாக்கியும் சுகமாக மூடும். சுடும்போதுதான் மடிப்பு விரிகிறது. விரிய இடமில்லை. அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் அந்த வாய் போய் நெருக்கிக்கொண்டு நிற்க, ரவைக் குண்டுகளும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வாடு (wad) என்ற அடைப்பும் அந்த இடுக்கில் பிதுங்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கிறது. அழுத்தம் ஏறுகிறது. பிய்ந்த வாய் சொல்வது இதைத்தான். சந்தேகம் இருந்தால் சுட்ட 70 கூட்டின் வாயை நீவிச் சரிசெய்து, அதையே காலி அறையில் போட்டுப் பாருங்கள். கூட்டின் அடிவிளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

"அப்பா இருபது வருஷமா இதே தோட்டாதான் போட்டார்" என்பார்கள். போட்டிருக்கலாம். எல்லாத் துப்பாக்கியும் முதல் நாளே வெடிப்பதில்லை. பூட்டு தளர்ந்து, குழலுக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரிய ஆரம்பித்து, பிறகு ஒருநாள் விரிசல் விடுகிறது. குழல் வெடித்தால் முதலில் போவது அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை விரல்கள்தான்.

குழலைக் கழற்றி அடிப்புறம் தட்டையான இடத்தைப் பாருங்கள், முத்திரைகள் இருக்கும். குழல்களைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் சட்டத்தால் அமைந்தது. 1904 முதல் 1954 வரை அங்கே புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த குழல்களில் கிரீடத்தின் கீழ் என்.பி. எழுத்துகள் இருக்கும். 1925-க்குப் பிந்தையவற்றில் அறை நீளமும் இருக்கும். ஆனால் முத்திரை அன்றைய குழலுக்குத்தான் சாட்சி. இடையில் யாராவது துருவை எடுக்கிறேன் என்று உள்ளே தேய்த்து மெலிதாக்கியிருந்தால் அந்த முத்திரையை நம்ப முடியாது. "அறையைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்துடுங்களேன்" என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான், செய்ய மாட்டேன். அழுத்தம் அதிகமாக இருக்கும் பகுதியிலா குழலைச் சுரண்டுவது?

குழலில் அலையலையாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டையைக் கம்பியில் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டியது. பார்க்க அத்தனை அழகு, எனக்கே கையை எடுக்க மனம் வராது. பெரும்பாலும் புகையில்லா வெடிமருந்துக்கு முந்தைய கருமருந்துக் காலத்து வேலை. ஒட்டுகளுக்குள் துரு ஓடியிருந்தால் வெளியே தெரியாது. தகுந்தவர் பார்த்துச் சொல்லும்வரை அதில் சுடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், குளவி. பரணில் கிடந்த குழலில் மண்கூடு இருப்பதை நானே பலமுறை குத்தி எடுத்திருக்கிறேன். சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழலைத் திறந்து வானத்தைப் பார்த்துக் கண்ணை ஓட்டுங்கள். ஒரு கைக்குட்டைத் துண்டு அடைத்திருந்தாலும் குழல் உப்பும்.

சேஃப்டியை நம்பி நிறைத்த துப்பாக்கியைச் சுவரில் சாய்க்காதீர்கள். பழைய டபுள் பேரல்களில் பெரும்பாலும் அது விசையை மட்டும்தான் பூட்டுகிறது, உள்ளே தோட்டாவை அடிக்கும் குதிரையை (சுத்தியலை) அல்ல. குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்து, ஒரு தடுக்கல் வந்தால் போதும், விழுந்த வேகத்தில் சுட்டுவிடும். சுடும் நேரம் தவிர எப்போதும் திறந்து காலியாக வையுங்கள்.

தாத்தா இறந்த பிறகு துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களே, அதுவும் தப்பு. லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வரும்வரை பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

தம்பியின் துப்பாக்கியை இனிச் சுட முடியாது. அதைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது, தாத்தா அத்தனை பத்திரமாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார். விசைக் காப்பில் ஒரு அட்டையைக் கட்டி, "விரிசல். சுடக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டுத் துப்பாக்கி நன்றாக இருந்தாலும் ஓர் அட்டை கட்டுங்கள். அறை 65-ஆ 70-ஆ என்று பெரிதாக எழுதுங்கள். நாளை அதை எடுக்கப்போவது உங்கள் பேரன்.