ஒரு மணி நேரம் விளையாடியும் பையனுக்கு வெயிட் ஏன் ஏறுது?

எங்க அக்கா பையன் யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு பட்டன் போட முடியாம மூச்சைப் பிடிச்சிட்டு நின்னதைப் பார்த்துதான் அக்கா அவனை பேட்மின்டன் கோச்சிங்ல சேர்த்தா. ஃபீஸ், ஷூ, ராக்கெட்னு காசு தண்ணியா போச்சு, ஆறு மாசம் கழிச்சு நிறுத்துப் பார்த்தா 4 கிலோ கூடியிருக்கு. 12 வயசு, 146 சென்டிமீட்டர், 52 கிலோ.

ஒருநாள் நானே கூட்டிட்டு வரப் போனேன். ரெண்டு கோர்ட்டுக்கு பதினாலு பசங்க. நம்ம ஆளு பந்து அடிச்ச நேரத்தைக் கூட்டினா 25 நிமிஷம் தேறும், மிச்ச நேரம் லைன்ல நின்னு அரட்டை. வெளிய வந்ததும் நேரா பேக்கரி, ஒரு முட்டை பஃப்ஸ், ஒரு பாட்டில் மாம்பழ ஜூஸ், "விளையாடி களைச்சு வந்திருக்கான் பாவம்"னு அக்கா சொல்லி வெச்ச ஏற்பாடாம்.

சரி கணக்கு போடுவோம். 52 கிலோ பையன் 25 நிமிஷம் பேட்மின்டன் ஆடினா சுமாரா 120 கலோரி செலவாகும். அந்த ஜூஸ் பாட்டிலைத் திருப்பிப் படிச்சேன், 100 மில்லிக்கு 14 கிராம் சர்க்கரை, 250 மில்லின்னா 35 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன், 140 கலோரி. விளையாடினதை ஜூஸே முழுங்கிடுச்சு, பஃப்ஸ் அதுக்கு மேல போனஸ்.

"அப்போ நல்லா ரெண்டு மணி நேரம் ஓட விட்டா சரியாயிடும்ல?"னு அக்கா கேட்டா. அங்கதான் உடம்பு நம்மளை ஏமாத்துது. ஈக்வடார் நாட்டு அமேசான் காட்டுல ஷுவார்னு ஒரு பழங்குடி இருக்காங்க, அந்தப் பசங்க நகரத்துப் பசங்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகமா ஓடியாடுறவங்க. அவங்களுக்கு ஒரு விசேஷ தண்ணி குடிக்கக் கொடுத்து, அடுத்த சில நாள் சிறுநீரை சோதிச்சு, ஒரு நாளைக்கு மொத்தமா எவ்ளோ கலோரி எரிக்கிறாங்கன்னு அளந்தாங்க. 2019ல வந்த முடிவு என்னன்னா மொத்த செலவு நகரத்துப் பசங்க அளவுதான்! உடம்புக்கு மாச சம்பளம் மாதிரி ஒரு பட்ஜெட் இருக்கு போல, ஒரு பக்கம் செலவு கூடினா வேற ஏதாவது வேலையில கையை வெச்சு மிச்சம் பிடிச்சிடுது, வளர்ச்சியில கூட. அதனால ஓடினதுக்கு நேர் கணக்கா கொழுப்பு கரைஞ்சிடும்னு நம்பக் கூடாது.

இதைப் படிச்சிட்டு கோச்சிங்கை நிறுத்திடாதீங்க தயவுசெஞ்சு. சாப்பாடு எவ்ளோ உள்ள வருதுன்னு தீர்மானிக்குது, விளையாட்டு அது எங்க போய் சேரும்னு தீர்மானிக்குது. தசை சுருங்கி விரியும்போது, ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸை உள்ள இழுக்கிற கதவு இன்சுலின் வந்து தட்டாமலே திறந்துக்குது, ஓடி முடிச்ச பிறகும் பல மணி நேரம் அந்தத் தசை இன்சுலின் சொல்றதை நல்லா கேக்குது. எலும்பும் அப்படித்தான், வேகமா உயரம் ஏறுற அந்த ரெண்டு வருஷத்துல மட்டும் வாழ்நாள் எலும்புல கால்வாசி சேர்ந்துடுது, அப்போ குதிக்காம எப்போ குதிக்கிறது? 5ல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம ஸ்கூல்கள்ல பி.டி. பீரியடை மேத்ஸ் சார் கடன் வாங்கிட்டுப் போனா திருப்பித் தர்றதே இல்ல, அது தனிக் கதை.

நம்ம பசங்களுக்கு இந்த "எங்க போய் சேருது" விஷயம் ரொம்பவே முக்கியம். புனேல டாக்டர் யாஜ்னிக்கோட குழு பொறந்த குழந்தைகளை அளந்து இங்கிலாந்துக் குழந்தைகளோட ஒப்பிட்டாங்க. இங்க சராசரி 2.7 கிலோ, அங்க 3.5. எடை குறைச்சல், தசையும் குறைச்சல், ஆனா தோலுக்கடியில கொழுப்பு மட்டும் அவ்ளோவா குறையல. ஒல்லியா தெரியுற உடம்புக்குள்ள கொழுப்பு, அதுவும் பொறக்கும்போதே. "புள்ள ஒட்டிப்போய் கெடக்கான்"னு பாட்டி ஊட்டித் தள்ளும்போது அது தசையா மாறணும்னா ஓடணும், ஓடலைன்னா வயித்தைச் சுத்தித்தான்.

ஜூஸுக்கு வருவோம், எனக்கு அது மேலதான் கோபம். நெதர்லாந்துல 641 பசங்களை வெச்சு ஒரு சோதனை, 2012ல வெளிவந்தது. தினம் 250 மில்லி டின் ஒண்ணு, பாதிப் பேருக்கு சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்கு சர்க்கரை இல்லாத இனிப்பு, யாருக்கு எதுன்னு பசங்களுக்கே தெரியாது. ஒன்றரை வருஷத்துல ரெண்டு குரூப்பும் வளர்ந்தாங்க, எடையும் கூடினாங்க, ஆனா சர்க்கரை குடிச்சவங்களுக்கு 7.37 கிலோ, மத்தவங்களுக்கு 6.35. நாளுக்கு வெறும் 104 கலோரி வித்தியாசம், ஒரு கிலோ! குடிக்கிற கலோரியை வயிறு சரியா எண்ணுறதில்ல, நாலு இட்லி சாப்பிட்டா போதும்னு சொல்ற வயிறு, ஜூஸ் குடிச்சாலும் அதே நாலு இட்லியைக் கேக்கும்.

டிவி விஷயமும் விசித்திரம். 1999ல வந்த ஒரு ஆய்வுல கலிஃபோர்னியாவோட சான் ஹோசேல ஒரு ஸ்கூல் பசங்களுக்கு டிவி, வீடியோ கேம் நேரத்தைக் குறைக்கப் பழக்கினாங்க, கூடுதலா எக்சர்சைஸ் எதுவும் சொல்லல. அதே ஊர்ல இருந்த இன்னொரு ஸ்கூலைவிட இவங்களோட பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு காட்டுற கணக்கு) மெதுவா ஏறுச்சு. ஓடியாடுறதுல பெரிய வித்தியாசம் இல்ல, குறைஞ்சது டிவி முன்னாடி உக்காந்து சாப்பிடுற வேளைதான். தூக்கமும் இதுல சேர்த்திதான், ராத்திரி 12 வரைக்கும் முழிச்சா மறுநாள் பசி ஹார்மோன் கூடி இனிப்பு, பொரிச்சதுன்னே கை போகும்.

இன்னொண்ணு, 146 சென்டிமீட்டருக்கு 52 கிலோன்னா பிஎம்ஐ 24.4. பெரியவங்களா இருந்தா லேசா கூடன்னு சொல்லி விட்டுருவாங்க, 12 வயசுப் பையனுக்கு அது உடல்பருமன் கோட்டைத் தாண்டினது (உலக சுகாதார நிறுவனக் கணக்குல கோடு 23.6). ஆனா டாக்டர் எடையைக் குறைன்னே சொல்லல. வளர்ற புள்ள, பட்டினி போடாதீங்க, எடை ஏறுறதை மெதுவாக்கினா உயரம் எட்டிப் பிடிச்சுக்கும்னாங்க.

அதனால மாத்துனது கொஞ்சம்தான். ஜூஸுக்குப் பதில் தண்ணி, இல்ல உப்பு போட்ட மோர். பேக்கரி சனிக்கிழமை மட்டும். வீட்டுக்கு வந்ததும் சுண்டல், தட்டு முன்னாடி போன் கிடையாது, லைன்ல நிக்கிற நேரத்துல ஸ்கிப்பிங். முதல் பத்து நாள் ஜூஸுக்காக வீடே ரெண்டாச்சு.

ஒரு வருஷம் கழிச்சு 153 சென்டிமீட்டர், 53.5 கிலோ. பிஎம்ஐ 22.9, கோட்டுக்குக் கீழ வந்தாச்சு, ஆனா சரியான அளவைவிட இன்னும் கூடத்தான். பேன்ட் இப்போ இடுப்புல இல்ல, கணுக்கால்ல பத்தல. மெஷின் ஒன்றரை கிலோ கூடியிருக்குன்னு காட்டுது, பொங்கலுக்கு வந்த பாட்டி மட்டும் அவன் கன்னத்தைத் தடவிட்டு "என்னடி, புள்ளய இப்படி எளைக்க விட்டுட்ட"ன்னு அக்காவைப் பிடிச்சுத் திட்டிட்டு இருந்தாங்க.